சலுகை முடியுமுன்

கொக்கட்டிச்சோலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் சொன்னார்:

"கம்பனிக்குக் குடுத்த வரிச்சலுகை முடியிறதுக்குள்ள மகளுக்கு வீட்டைக் கட்டி முடிச்சிரணும், புள்ள."

"அதுக்கும் வீட்டுக்கும் என்னக்கா?"

"அவள் அந்த ஆடைக் கம்பனியிலதானே தைக்கிறாள். அவள்ட சம்பளத்திலதான் வீடே எழும்புது. வரி கட்டச் சொன்னா மூடிப்போட்டுப் போயிருவாங்களாம். சீதன வீடில்லாம அவளை எப்பிடிக் கலியாணம் கட்டிக் குடுக்கிற?"

"எங்கட வயலுக்கு உர மானியத்தைக் குறைச்சவங்க, கம்பனிக்கு மட்டும் அள்ளிக் குடுக்கிறாங்க. இனியும் அந்தச் சலுகையை நீட்டக்கூடாது, அக்கா."

"ஓம், நீட்டக்கூடாதுதான்."

பஸ் பாலத்தைக் கடக்கும்வரை மூத்தவர் வாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ஆனா புள்ள, சின்னவளுக்கும் ஒரு வீடு கட்டணுமே."