நிலவறைக்குப் பதினொரு படி

நான் வைன் குடிப்பதில்லை. ஒரு சொட்டுக்கூட நாக்கில் பட்டதில்லை. ஆனால் ஒன்பது வருடமாக மெல்பேர்னிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மசிடன் மலைப்பக்கம் போய், குடும்பமாக ஸ்பார்க்ளிங் வைன், அதாவது குமிழி பொங்கும் வைன், செய்கிறவர்களின் மூன்று சிறிய தோட்டங்களைக் காட்டிக் கூட்டிவருகிறேன். இதைச் சொன்னால் எல்லோரும் முதலில் சிரிப்பார்கள். பிறகு, வண்டி ஓட்டுகிறவள் குடிக்காதவளாக இருப்பது எவ்வளவு நல்லது என்று அவர்களே சொல்வார்கள்.

யாமினி, மொழிபெயர்க்க நீங்கள் வந்தது எனக்கு ஆறுதல். எனக்கு இங்கிலீஷ் வரும். சுற்றுலா வருகிறவர்களுக்கு அரைநாள் முழுக்க அதில்தான் கதை சொல்கிறேன். ஆனால் என் மகளைப் பற்றிய விஷயத்தைத் தமிழில்தான் ஒழுங்காகச் சொல்ல முடியும். எழுதித் தருகிறேன் என்றேன், டிடெக்டிவ் சம்மதித்தார். நீங்கள் கூட்டாமல் குறைக்காமல் மாற்றிக் கொடுத்தால் போதும்.

என் பெயர் சிவனேஸ்வரி. வயது ஐம்பத்தெட்டு. நோபல் பார்க்கில் இருக்கிறேன். என் மகள் ராகவிக்கு நான்கு வயதாக இருக்கும்போது அவளுடைய அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு இந்த நாட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே கட்டிலில் படுத்தோம், அவளுக்குப் பதினேழு வயது வரும்வரை. அவளுக்கு என்ன பிடிக்கும், எது ஒத்துவராது என்று அவளைவிட எனக்குத் தெரியும். முன்பு அருந்தவன் என்று ஒருவர் அவளை விரும்பினார். நல்ல குடும்பம். அவருடைய தாய்க்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். அதோடு அது முடிந்தது. ராகவிக்கு அந்தக் கடிதத்தைப் பற்றித் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

சித்தார்த் விஷயத்தில் கடிதம் எழுத இடமில்லாமல் போயிற்று. கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு வந்துதான் சொன்னார்கள். அவர் திருச்சிக்காரர், ஐ.டி. வேலை. எங்களில் மருமகன் மாமி என்று கூப்பிடுவார்; இவர் அத்தை என்றார். அதையும் ஏற்றுக்கொண்டேன். வெரிபீயில் புது வீடு வாங்கினார்கள். நோபல் பார்க்கிலிருந்து அங்கே போக நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும், ஒன்றேகால் மணி நேரம். அவ்வளவு தூரத்தில் ஏன் வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு விளங்கியது.

அவர் ராகவியை அடக்கிவைத்திருந்தார். வெளியில் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அவளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொடுப்பார். வேலைக்குப் போய்ச் சேர்ந்தாயா என்று செய்தி அனுப்புவார். அவளுக்குக் காய்ச்சல் என்றால் 'இந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போக வேண்டாம், தூங்கு' என்பார். கிழமைக்கு ஒருமுறை வந்தவள் மாதத்துக்கு ஒருமுறை வந்தாள். நான் அவள் வேலைசெய்யும் இடத்துக்குப் போன் எடுத்தால், பிறகு எடுக்கிறேன் அம்மா என்பாள். ஒரு நாளில் பத்துத் தரம் எடுத்தால் எட்டுத் தரம் அப்படித்தான். என்னிடம் அவர்களுடைய வீட்டுச் சாவி ஒன்று இருந்தது. அவர்கள் வேலைக்குப் போன பிறகு போய்க் குசினிப் பாத்திரங்களைக் கழுவி ஒதுக்கிவைப்பேன், அவளுடைய உடுப்புகளை மடித்துவைப்பேன், வந்திருக்கும் கடிதங்களைப் பார்ப்பேன். ஒரு நாள் சாவி பொருந்தவில்லை. பூட்டை மாற்றியிருந்தார்கள். அதை நான் பெரிய குற்றமாகச் சொல்லவில்லை. எப்படிப்பட்டவர் என்று விளங்குவதற்காகச் சொல்கிறேன்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் சுற்றுலாவுக்கு வந்தார். நான் கூப்பிடவில்லை. என்னுடைய பழைய வெப்சைட் பார்க்க நன்றாக இல்லையாம், வீடியோ எடுத்துப் புதிதாகச் செய்து தருகிறேன் என்று அவராகவே வந்தார். ராகவிக்கு அன்று வேலை. வேறு ஆறு பேர் இருந்தார்கள், ஒரே ஆஸ்பத்திரியில் வேலைசெய்கிற நர்ஸ்மார். எட்டரைக்கு நகரத்தில் எல்லோரையும் ஏற்றினேன். சித்தார்த் முன் சீட்டில் இருந்து மலையையும் மூடுபனியையும் படம் எடுத்துக்கொண்டு வந்தார்.

முதல் தோட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தோட்டத்தை ஒரு தாயும் மகளும் நடத்துகிறார்கள். போத்தல்களைத் தலைகீழாகப் பலகைத் துளைகளில் செருகி, நாள்தோறும் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். அடியில் இருக்கும் மண்டி கழுத்துக்கு இறங்க வேண்டும். நேற்று இந்த வரிசையைத் திருப்பியது நான்தான், இல்லை நான்தான் என்று தாயும் மகளும் வந்தவர்களுக்கு முன்னால் சண்டை பிடித்துச் சிரித்தார்கள். மகளுக்கு நாற்பது வயது இருக்கும். கல்யாணம் முடிக்கவில்லை.

நான் வெளியே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். சித்தார்த் பின்னால் வந்தார்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். அடிலெய்டுல வேலை கிடைச்சிருக்கு. வீடும் பாத்துட்டோம்."

"எப்ப போறியள்?"

"ஜூன்ல. ராகவி அப்புறமா சொல்லிக்கலாம்னா. எனக்குத்தான் மனசு கேக்கல." போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "கீழ ஒரு ரூம் இருக்கு அத்தை, தனி பாத்ரூமோட. உங்க முழங்காலுக்குப் படி ஏற வேண்டியதில்ல. நீங்களும் எங்களோட வந்துடுங்க."

"அதை ராகவி சொன்னவளோ?"

"அவ கொஞ்சம் யோசிச்சா. நான் பேசி ஒத்துக்க வெச்சிருக்கேன்."

யாமினி, இந்த இடத்தைக் கவனமாக மொழிபெயர்த்துவிடுங்கள். என் மகள் என்னைக் கூப்பிட யோசித்தாளாம். இவர் பேசி ஒத்துக்கொள்ள வைத்தாராம். என்னைக் கூப்பிட அவள் தயங்குகிற அளவுக்கு அவளுடைய மனதை அவர் எவ்வளவு கெடுத்திருப்பார் என்று எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. நான், ஓம் தம்பி, பாப்பம் என்றேன். அவருக்குச் சந்தோஷம். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது தோட்டம் பதினைந்து நிமிட ஓட்டம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் வழக்கம்போல வந்தவர்களுக்குக் குமிழி எப்படி வருகிறது என்று விளக்கிக்கொண்டுதான் ஓட்டினேன்.

அந்தத் தோட்டம் ஆலனுடையது. அறுபத்தாறு வயது, மனைவியோடு நடத்துகிறார். கொட்டகைக்கு அடியில் பழைய நிலவறை ஒன்று, பதினொரு படி இறங்க வேண்டும். அங்கே சீமெந்துத் தொட்டிகளில் திராட்சைச் சாறு நொதிக்கும். நொதிக்கும்போது வாயு வரும். போத்தலில் குமிழியாக வருவதும் இதே வாயுதான். காற்றைவிடப் பாரம் என்பதால் நிலத்தோடு தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆலன் ஒரு விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி மெல்லக் கீழே இறக்கிக் காட்டுவார். ஆறாவது படிக்குப் பக்கத்தில் சுடர் அணைந்துவிடும். இரண்டு மூச்சு இழுத்தால் மனிதனும் அப்படித்தான் என்பார். எல்லோரும் ஒரு அடி பின்னால் போவார்கள். இதைக் காட்டுவதற்காக, வாயுவை வெளியே தள்ளும் நிலவறைக் காற்றாடியை நிறுத்திவைத்து, முடிந்ததும் மறுபடி போடுவார். வாசலில் சங்கிலி கட்டி மஞ்சள் பலகை தொங்கவிட்டிருப்பார். அவர் கவனமான மனிதர்.

அன்று விளக்கை இறக்குவதற்கு முன்பு சித்தார்த்தைக் கூப்பிட்டு, வண்டியிலிருந்து சீஸ் பெட்டியை எடுத்துவரச் சொன்னேன். பெட்டி சீட்டுகளுக்கு அடியில், மற்றப் பைகளுக்குப் பின்னால் இருந்தது. அவர் தேடி எடுத்துவரும்போது விளக்கு அணைந்து, நர்ஸ்மார் வைன் ருசிபார்க்கப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆலன் இரண்டு கையிலும் கிளாஸ் தட்டு வைத்திருந்தார். காற்றாடியை நான் போடுகிறேன், நீங்கள் போங்கள் என்றேன். ஒன்பது வருடப் பழக்கம். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

காற்றாடியை நான் போடவில்லை. சங்கிலியைக் கழற்றினேன். பலகையைப் பீப்பாய்க்குப் பின்னால் வைத்தேன். பிறகு என்னுடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் படியில் போட்டேன். அது கீழ்வரைக்கும் உருண்டுபோனது.

"தம்பி, என்ர கண்ணாடி விழுந்திட்டுது. முழங்கால் ஏலாது, எடுத்துத் தாறீங்களோ?"

"இருங்க அத்தை, நான் எடுத்துட்டு வர்றேன். நீங்க இறங்காதீங்க."

போனின் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினார். எட்டாவது படியில், அத்தை இங்க ஒரு மாதிரி மூக்கு எரியுது என்றார். பரவாயில்லை, சாறின்ர மணம்தான் என்றேன். கீழே குனிந்தார். பிறகு பேசவில்லை. விழுந்த சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. அந்தக் கதவு கனமானது, இரண்டு கையாலும் தள்ள வேண்டும். தள்ளிச் சாத்தினேன்.

வலித்திருக்காது. வலி தெரியாது என்று ஆலன் ஒவ்வொரு தடவையும் சொல்வார். அதை நான் யோசித்துப் பார்த்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவர்மேல் வெறுப்பு எதுவும் இல்லை.

பிறகு மற்றக் கட்டடத்துக்குப் போய்ச் சீஸ் வெட்டி வைத்தேன். மருமகன் எங்கே என்று ஒரு நர்ஸ் கேட்டார். வேலை விஷயமாகப் போனில் கதைக்கிறார் என்றேன். இருபது நிமிடம் கழித்து, இன்னும் காணவில்லையே, பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஆலன்தான் எழுந்தார். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு படி இறங்கி, முடியாமல் திரும்பி வந்து வாசலில் விழுந்து வாந்தியெடுத்தார். ஆறு நர்ஸ்மார் இருந்தும் ஒருவராலும் கீழே போக முடியவில்லை. காற்றாடியைப் போட்டுவிட்டு நின்றார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்து தூக்கினார்கள்.

ஆலன் காற்றாடியைப் போட்டுவிட்டதாகச் சொன்னார் என்று நான் வாக்குமூலம் கொடுத்தேன். சங்கிலியைப் பற்றிக் கேட்டார்கள், கவனிக்கவில்லை என்றேன். நான் போடுகிறேன் என்று நான் சொன்னது ஆலனுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அதை அவர் அழுத்திச் சொல்லவில்லை. மகனைப் போன்ற ஒருவரை இழந்து நிற்கிற பெண்மேல் எப்படிப் பழி போடுவது என்று நினைத்திருக்கலாம். நான் பார்த்திருக்க வேண்டும், என்னுடைய இடம், என்னுடைய பொறுப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தோட்டத்தை மூடிவிட்டார்கள். அவர்மேல் வழக்கு வருகிறது என்று கேள்விப்பட்டேன். இதைப் படித்த பிறகு அதை நிறுத்திவிடலாம். ஆனால் ஆலனுக்காக நான் இதை எழுதவில்லை.

செத்தவீடு முடிந்து ராகவி என்னிடம் வந்து பத்து நாள் இருந்தாள். சாப்பிட மறுத்தாள், நான் ஊட்டிவிட்டேன். தலைமுடியை இழுத்துச் சீவிவிட்டேன். இரவில் என் கட்டிலிலேயே படுத்தாள். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை, யாமினி. அந்தப் பத்து நாளும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆகஸ்டில் போலீஸ் சித்தார்த்தின் போனைத் திருப்பிக் கொடுத்தது. அதில் பத்துப் பதினைந்து வீடியோ இருந்ததாம், எல்லாம் மலையும் போத்தலும். கடைசி வீடியோவில் படம் இல்லை, கமராவை அவருடைய விரல் மூடியிருக்க வேண்டும், இருட்டும் சத்தமும் மட்டும். போனின் வெளிச்சத்தைப் போட்டபோது கைபட்டு ரெக்கோர்டிங்கும் ஓடத் தொடங்கியிருக்கிறது. நாங்கள் தமிழில் பேசியதால் கேட்டவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை போலிருக்கிறது. ராகவி என் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல், கதிரையில் உட்காராமல், போனை மேசையில் வைத்துப் போட்டுக் காட்டினாள். மூக்கு எரியுது என்று அவர் சொல்வதும், சாறின்ர மணம் என்று நான் சொல்வதும் தெளிவாகக் கேட்டது. கதவுச் சத்தமும்.

"அம்மா, கதவை ஏன் சாத்தினனீங்கள்?"

எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள். அன்று தமிழில் கேட்டாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. அடிலெய்டைப் பற்றியும் சொன்னேன், அவர் எங்களைப் பிரிக்கப் பார்த்ததை விளக்கினேன். அவள் நின்றபடியே கேட்டாள்.

"உங்களைக் கூட்டிக்கொண்டு போவம் எண்டு அவர் மூண்டு மாசம் என்னோட சண்டை பிடிச்சவர். நான்தான் மாட்டன் எண்டனான்," என்றாள்.

அது அதிர்ச்சியில் சொன்னது. அவள் அப்படி நினைக்கக்கூடியவள் இல்லை. அந்தச் சொற்களை யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். போனை எடுத்துக்கொண்டு நேரே போலீஸிடம் போய்விட்டாள். அதையும் நான் தவறாக எடுக்கவில்லை.

எனவே ஒப்புக்கொள்கிறேன். சிவனேஸ்வரி ஆகிய நான் சித்தார்த்தை, வாயு தேங்கியிருக்கிறது என்று தெரிந்தும், வேண்டுமென்றே நிலவறைக்குள் இறக்கிக் கதவைச் சாத்திக் கொன்றேன். யாரும் தூண்டவில்லை. என் புத்தி தெளிவாகத்தான் இருந்தது.

ராகவி வேலையை விட்டுவிட்டுத் திருச்சிக்குப் போய்விட்டாளாம். சித்தார்த்தின் தாயோடு இருக்கிறாள் என்று டிடெக்டிவ் சொன்னார். அந்த அம்மா அவளைத் தன் மகள் என்று எல்லோருக்கும் சொல்கிறாராம். இருக்கட்டும். நான் எழுதிய நான்கு கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டன. ஐந்தாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கோபம் தணிய நாளாகும், எனக்குத் தெரியும். தணிந்த பிறகு அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?