ஒரு ‘ங்க’

மைக்கை நீட்டும்போது அதன் தலையைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் கூவும்.

கோயம்புத்தூரில் ஒரு சின்ன அரங்கில் எனக்கு அந்த வேலை. படித்தவர்கள் வந்து பேசுவார்கள். கேள்வி கேட்கக் கை தூக்குகிறவரிடம் நான் மைக்கைக் கொண்டுபோவேன். வேலையை வாங்கித் தந்தது சண்முகப்பிரியா அக்கா, பெரியப்பா மகள். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் வார்த்தை வராமல் நின்று நின்றே பள்ளியை விட்டவள் நான். என்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் அக்கா. நாங்கள் இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தோம்.

அன்று பேராசிரியர் கிருபாசங்கர், பக்திப் பாட்டில் ஆண்கள் பெண்ணாக மாறிச் சாமிக்காக ஏங்குவதையும் சினிமாப் பாட்டில் காதலி ஏங்குவதையும் சேர்த்துப் பேசினார். அக்கா கை தூக்கினாள். மைக்கைக் கொடுத்தேன்.

“எனக்கும் ஒருத்தங்களைப் பாக்காம இருக்க முடியறதில்லீங்க. அவங்க சாமியும் இல்லீங்க. இதுக்கு என்ன பேருங்க?”

“பேரை நாங்க மெதுவா வெக்கறோம். நீங்க மொதல்ல அவங்க கையைப் புடிங்கம்மா” என்றார் அவர். அரங்கமே சிரித்தது. பக்கத்தில் இருந்த அக்காவின் சிநேகிதி ஷைலா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

எங்கள் பக்கம் எல்லோருக்கும் ‘ங்க’ போடுவோம். பால்காரரும் அவங்க, டீச்சரும் அவங்க. ஆணா பெண்ணா என்று அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது.

அறைக்கு வந்ததும் அக்கா சொன்னாள்: “ஷைலாவுக்குப் பெங்களூர்ல வேலை கெடச்சிருக்கு. நானும் போயிருவேன் கண்ணு. நீ தனியா இருந்துக்குவியல்ல?”

தலையாட்டினேன்.

அந்தப் பேச்சு யூடியூபில் வந்தது. அவிநாசியிலிருந்து அக்காவின் அப்பா, சுப்பண்ணன் பெரியப்பா போன் செய்தார். கோபமே இல்லை.

“ஏனம்மணி, அக்கா என்னமோ கேட்டிருக்கறா. நம்மாளுங்களா இருந்தாப் பேசி முடிச்சுப்போடலாம். யாரு அவங்க?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

“அவங்க இல்லீங்க பெரியப்பா. அவ.”

பெரியப்பா போனை வைத்துவிட்டார். மறுநாள் கார் வந்தது. என்னையும் கூட்டிப்போனார்கள்.

அக்காவை மாடி அறையில் வைத்துப் பூட்டினார்கள். போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஜன்னல் வழியாகச் சாப்பாடு கொடுப்பது என் வேலை.

“உன் போன்ல ஷைலாவைக் கூப்புடு கண்ணு. வாசல்ல வந்து நின்னு என் பேரைச் சொன்னாப் போதும். நாலு பேரு பாக்கறப்ப அப்பா கதவைத் தொறந்துதான் ஆகோணும்.” பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அவ வரலீன்னா நான் இருக்க மாட்டேன்.”

அது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

கீழே இறங்கித் தென்னைமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். போனை எடுக்கவில்லை. ஷைலா இல்லையென்று ஆகிவிட்டால் அக்கா பழையபடி எங்கள் அறைக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். மேலே போய் அக்காவிடம் பதில் சொன்னேன். அக்கா தட்டை வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் சாப்பிடவும் செய்தாள்.

காலையில் கதவைத் திறந்தவர்கள் அவளைக் கீழே தூக்கி வந்தார்கள். வயிற்றுவலியில் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொன்னார் பெரியப்பா.

ஷைலா அரங்கத்துக்கு வந்து, “கடைசியா ஏதாச்சும் சொன்னாளா?” என்று கேட்டாள். இல்லீங்க என்றேன். அறையில் அக்காவின் பாயையும் தினமும் விரித்துப் போடுகிறேன்.

பெரியப்பாவிடம் ‘அவ’ என்று சொன்னது மரியாதைக் குறைவுதான். அதற்கு வருத்தப்படுகிறேன். ஆனால் அக்காவிடம் அப்படிப் பேசவில்லை. “வரமாட்டாங்களாமுங்க அக்கா, மறந்துரச் சொல்றாங்க” என்று, ஒரு ‘ங்க’ கூடக் குறையாமல்தான் சொன்னேன்.