ஊற்றைச் சுற்றி அரளி வேலி

பழவேற்காட்டு மண்ணில் பூச்செடி வைக்க நினைப்பவர்கள் முதலில் காற்றைப் பார்க்க வேண்டும், ஐயா. பூவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏரிக்காற்று உப்பை அள்ளி வந்து இலையில் பூசிவிட்டுப் போகும். அதைத் தாங்குவது அரளியும் நித்தியகல்யாணியும்தான். அவற்றை வெளிவரிசையில் வைக்க வேண்டும். அந்த மறைவில் நந்தியாவட்டை, அதற்கும் உள்ளே வெட்சி, செம்பருத்தி. ஒரு முறை வேர் பிடித்துவிட்டால் வருஷா வருஷம் பூக்கும். வேர் பிடிக்கிற வரைக்கும் நல்ல தண்ணீர் வேண்டும். உப்புத்தண்ணீர் ஊற்றினால் நுனி கருகிவிடும்.

என் பெயர் தருமன். கோட்டைக்கு வடக்கே ஒல்லாந்துத் துரையின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவன். துரையின் மனைவி ரோஜாதான் வேண்டும் என்றாள். இந்தக் காற்றில் நிற்காது என்று சொன்னேன், கேட்கவில்லை. ஒரு பருவம்கூட நிற்கவில்லை. அதன் பிறகு அந்த இடத்தில் வெட்சி வைத்தேன். நான் தேர்ந்தெடுத்த செடி. அது காய்ந்தால் என் பேச்சுக்கு அந்தத் தோட்டத்தில் மதிப்பில்லை.

தோட்டத்துக்கு நடுவில் ஒரு நல்ல தண்ணீர் ஊற்று இருக்கிறது. முன்பு அது குப்பத்து ஊற்று. என் நைனாவும் குப்பத்து ஆட்களும் சேர்ந்து தோண்டியது. அதை நான் மறுக்கவில்லை. துரை நிலத்தை வாங்கியபோது ஊற்றும் உள்ளே வந்துவிட்டது. சுற்றி அரளி வேலி போட்டவன் நான்தான். அரளியை ஆடு கடிக்காது. மோந்து பார்த்தே விலகிவிடும். மனிதர்களுக்குத்தான் அந்த அறிவு இல்லை.

இந்தச் சித்திரையில் குப்பத்துக் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. குப்பம்மாவும் அவள் மகள் வேலம்மாவும் விடிந்ததும் குடத்தோடு வேலியை விலக்கிக்கொண்டு வருவார்கள். குப்பம்மா என் நைனாவின் கூடப்பிறந்தவள், எனக்கு அத்தை. வேலம்மா நிறைமாதம். தண்ணீர் மொள்வதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புது வெட்சிக் கன்றுகளை மிதித்துக்கொண்டு போவார்கள். பதியன் போட்டு, ஓலையால் நிழல் கட்டி வளர்த்தவை. பின்னாலேயே அவர்களுடைய ஆடு நுழைந்து செம்பருத்தி மொட்டுகளை மேயும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“இன்னா அத்தே, கண்ணு தெர்லயா? கன்னு மேல கால வெச்சிக்கினு போற?”

“உங்க நைனா தோண்டுன ஊத்துடா இது,” என்றாள். “பூவுக்கு ஊத்துவ, புள்ளத்தாச்சிக்கு ஒரு கொடம் குடுக்க மாட்டியா? த்தூ.”

துப்பினாள். அது வெட்சியின் மேல் விழுந்தது.

ஆளுக்கு ஒரு குடம் கொடுக்கும்படி துரையே சொல்லியிருந்தாரே என்கிறீர்கள். சொன்னார். குப்பத்தில் நான் அதைச் சொல்லவில்லை. துரைக்குக் கப்பல் தெரியும், துணி தெரியும். செடி தெரியுமா? இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற ஜனம். ஒரு குடம் என்று ஆரம்பித்தால் ஊரே வந்து நிற்கும். ஊற்று வற்றிய பிறகு துரையா வந்து வெட்சியைக் காப்பாற்றுவார்?

முதலில் அந்த ஆட்டை நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தேன். அரளி வேரை இடித்து ஒரு பானைத் தண்ணீரில் ஊறவைத்தேன். கசப்பு தெரியாமலிருக்கப் பனைவெல்லம் கரைத்தேன். அவர்கள் நுழைகிற இடத்தில், வேலிக்கு வெளியே, இடுப்பு உயரத்துக்குக் கல் அடுக்கி அதன் மேல் வைத்தேன். எங்கள் பக்கத்தில் வெயில் காலத்தில் வழியில் பானை வைத்து, அதன் வாயில் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தால், யாரும் மொண்டு குடிக்கலாம் என்று பொருள். கேட்க வேண்டியதில்லை. வைத்தவனை வாழ்த்திவிட்டுக் குடிப்பார்கள். இதை உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் திரும்பத் திரும்ப அந்தக் கொட்டாங்கச்சியைப் பற்றியே கேட்கிறீர்கள்.

அவர்கள் வந்தபோது நான் வேலிக்கு உள்ளேதான் இருந்தேன், வெட்சிக்கு மண் அணைத்துக்கொண்டு. குப்பம்மாவின் குரல் கேட்டது.

“பாத்தியாடி, தருமனுக்கு மனசு எறங்கிடுச்சு. வெல்லம்லாம் போட்டு வெச்சிக்கிறான், வாசன வருது பாரு. நீ குடி மொதல்ல.”

பிள்ளைத்தாச்சிக்கு முதல் வாய் கொடுப்பது எங்கள் வழக்கம். மகள் குடித்தாள். பிறகு அவளும் குடித்தாள். ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கையெல்லாம் சேறு. வேரை மூடாமல் பாதியில் எழுந்தால் கன்று வாடிவிடும்.

இரண்டு பேரும் அன்று பொழுது சாய்வதற்குள் செத்துப்போனார்கள். வயிற்றில் இருந்ததையும் சேர்த்துச் சொல்லிக் குப்பத்தில் அழுகிறார்கள். பானை என்னுடையது. அரளி நான் வைத்தது. கரைத்தது என் கை. எதையும் மறைக்கவில்லை. கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கோபக்காரன் கையில் செடி வளராது.

வெட்சி துளிர்விட்டிருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் யாரையாவது தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். இலையில் படக் கூடாது, வேரில் ஊற்ற வேண்டும்.

அந்தப் பானையை ஆட்டுக்காகத்தான் வைத்தேன், ஐயா. கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தது வெறும் பழக்கதோஷம்.