அண்ணன் பேசிய கேமரா

எங்கள் வீட்டில் எந்தக் கணினி மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மேடம். அலுவலகத்திலும் எனக்கு அதே வேலைதான். இருந்த இடத்திலிருந்தே கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால் போதும். வேறொரு கணினியில் செருகியிருக்கும் யுஎஸ்பி கருவிகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இன்னொரு வரி தட்டினால் வேண்டாததை முடக்கிவிடலாம். கம்பி செருகியபடியே இருக்கும், விளக்குகூட எரியும். வேலை மட்டும் செய்யாது.

பக்கவாதத்துக்குப் பிறகு அண்ணனுக்குக் கண்கள் மட்டும்தான் அசைந்தன. திரைக்குக் கீழே ஒரு யுஎஸ்பி கேமரா. அவர் எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அதைப் பிடித்துக்கொள்ளும். கணினி வாய்விட்டுச் சொல்லும். வாடகைக்கு எடுத்துப் பொருத்தியது நான்தான். அண்ணி அன்று அழுதுவிட்டார்.

அண்ணன் பேச ஆரம்பித்தார். நிறையவே பேசினார். என் மேலாளர் வீட்டுக்கு வந்திருந்தபோது, வெகுநேரம் எழுத்தெழுத்தாகப் பார்த்துச் சேர்த்து, "சார், இவன் ஆபீஸ்லயாவது முழிச்சிருக்கானா?" என்றார். மேலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் உள்ளே போய் மடிக்கணினியைத் திறந்து இரண்டு வரி தட்டினேன். கோபமெல்லாம் இல்லை.

அண்ணி கம்பியைப் பிடுங்கிச் செருகினார். கணினியை அணைத்துப் போட்டார். முடக்கிய கருவி அதற்கெல்லாம் மசியாது. "தம்பி, இது படுத்துது, கொஞ்சம் பாருங்களேன்" என்பார். போய்க் கம்பியை ஊதுவேன். சாப்பிட்டுவிட்டு என் அறையிலிருந்து உயிர் கொடுப்பேன். "உங்க கை பட்டாத்தான் கேக்குது" என்பார். ஒருமுறை சர்வீஸ் ஆள் வந்தார். அவர் படியேறும்போதே சரிசெய்துவிட்டேன். "நல்லாத்தானே இருக்கு" என்று போய்விட்டார்.

வீட்டில் அமைதி கூடியது. அண்ணிக்கும் ஓய்வு கிடைத்தது.

அண்ணன் விவரமானவர். ஒருநாள் அண்ணி பக்கத்தில் இருக்கும்போது "தம்பி" என்று ஆரம்பித்தார். பக்கத்து அறையில் என் காதில் விழுந்தது. அடுத்த வார்த்தை வருவதற்குள் நிறுத்திவிட்டேன்.

"தம்பியா? தம்பியைக் கூப்பிடணுமா?" என்று அண்ணி என்னையே கூப்பிட்டார். பழுது பார்க்க.

அன்றே, கேமராவை இயக்கும் டிரைவர் மென்பொருளைக் கணினியிலிருந்து அழித்தேன். "கேமரா போயிடுச்சு அண்ணி, புதுசு வரணும்" என்றேன். நம்பினார்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் கேட்கும் நாள். அண்ணி மருந்துக் கடைக்குப் போயிருந்தார். நான் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்கள் திரையில் மூன்றே இடங்களுக்குப் போய்ப் போய் வந்தன. எழுத்துகளை அடுக்கியவன் நான், எனக்குத் திரையைப் பார்க்க வேண்டியதில்லை. மூ. ச். சு. உதடு நீலமாகியிருந்தது.

ஆனால் கணினி எதுவும் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றைச் சொன்னதாக நானாக எடுத்துக்கொள்ள முடியாது. வேலையை முடித்துவிட்டு நிமிர்ந்தேன். கண்கள் நின்றிருந்தன.

கேமராவைத் திருப்பி எடுக்க வந்த சர்வீஸ் ஆள், அதில் ஒரு கோளாறும் இல்லை என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். சரிதான். முடக்கியதும் நான், டிரைவரை அழித்ததும் நான், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களுக்குள் மனஸ்தாபம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அண்ணியையே கேளுங்கள். கடைசி வரை அண்ணன் என்மேல் ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை.