மிக மெதுவான சுற்றுக்கு ஒரு கோப்பை

எடுத்த காரியம் எதையும் கடிகாரம் பார்த்தே முடிக்கும் மோட்டார் சங்கத் தலைவர் கல்யாணராமன் அவர்களே! முன்வரிசை நாற்காலிகளை முறைப்படி நிறைத்திருக்கும் மூத்தோர்களே! அடுத்த வீட்டுக்காரர் வாங்கும் கோப்பைக்கும் அலுக்காமல் கைதட்ட வந்திருக்கும் தாய்மார்களே! வென்ற வீரர்களே! வாசலில் வண்டியோடு நின்று, இந்த ஆள் எப்போது முடிப்பான் என்று விசாரித்துக்கொண்டிருக்கும் ஓட்டுநர்களே! தெற்கு மாசி வீதியில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் துளசிராமின் பணிவான வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் வேகமாக ஓட்டிப் பரிசு பெற்றவர்கள், சுருக்கமாகப் பேசினார்கள். எனக்குத் தந்திருப்பதோ, சங்கத்தின் பயிற்சி நாளில் மிக மெதுவாக ஒரு சுற்றை முடித்ததற்கான கோப்பை. ஆகவே நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பின்வரிசையில் கைதட்டும் நண்பரே, நன்றி. இன்னும் நான் தொடங்கவில்லை.

பெரியோர்களே! ஐம்பது வயதில் நான் ஏன் பந்தயத் தளத்துக்குப் போனேன்? வேகத்தின் மீது மோகமா? வீரத்தின் மீது தாகமா? விளம்பரத்தின் மீது விருப்பமா? இல்லை. ஒரு எருமைதான் காரணம்.

போன ஆண்டு, அதாவது எழுபத்தொன்பதில், அழகர்கோவிலிலிருந்து காரில் திரும்பும்போது சாலையில் ஒரு எருமை நின்றது. மீதிச் சாலையெல்லாம் காலியாகத்தான் கிடந்தது. ஆனால் நான் எருமையைப் பார்த்தேன். எருமையையே பார்த்தேன். பார்த்தபடியே அதை நோக்கிப் போய், கடைசி நொடியில் திருப்பி, வாய்க்காலில் இறங்கினேன். எருமைக்குக் காயமில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த என் மனைவி பத்மாசினிக்கு இடது மணிக்கட்டு முறிந்தது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. கட்டுப் பிரித்த பிறகு, "நீங்க கார்ல போங்க. நான் பஸ்ல வாரேன்" என்றாள். அவ்வளவுதான். கல்யாணத்துக்கு நான் காரில், அவள் பஸ்ஸில். கருமாதிக்கு நான் காரில், அவள் பஸ்ஸில். காலியான அந்த இருக்கையைப் பார்த்துப் பார்த்து, பிரேக்கில் வைத்த என் கால் நடுங்கத் தொடங்கியது. கடைசியில் காரைக் கொட்டகையில் பூட்டிவிட்டேன்.

என் நண்பர் டாக்டர் சொக்கநாதனிடம் இரண்டே பேர் அமரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. மற்ற கார்களில் ஏற வேண்டும். இதில் இறங்க வேண்டும். வேட்டியோடு இறங்குவது தனிக் கலை. தாய்மார்கள் இருக்கும் சபையில் அதை நான் விவரிப்பதற்கில்லை. "பயிற்சி நாளைக்கு எடுத்துட்டுப் போ, துளசி. கால் நடுக்கத்துக்கு எங்கிட்ட மாத்திரை கிடையாது" என்றார் அவர்.

திருமங்கலத்துக்கு அப்பால் ஒரு பொட்டல். அதில் தார் போட்ட வட்டம். வட்டத்தின் நடுவே வேப்பமரம், மரத்தடியில் பிள்ளையார். பிள்ளையாருக்கு அருகே, எனக்கு முன்பே பஸ்ஸில் வந்து சேர்ந்து, தளத்துக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தாள் பத்மாசினி. ஓட்டச் சொல்லிக்கொடுக்க என் பக்கத்தில் அவனியாபுரம் பட்டறைக்காரர் காசிமாயன்.

கொடி அசைந்தது. மற்றவர்கள் பிள்ளையாரை இடக்கைப் பக்கம் விட்டுப் பறந்தார்கள். நான் வலக்கைப் பக்கம் வைத்து, வலமாகப் புறப்பட்டேன்! சிரிக்கிறீர்களே, மதுரைக்காரர்களே, நீங்கள் மட்டும் என்ன செய்திருப்பீர்கள்? நம் ஊரில் தேரும் வலம், சாமியும் வலம், மாசி வீதியில் காலாற நடப்பதும் வலம். பிணத்தை மட்டும்தானே இடமாகச் சுற்றுகிறோம்? இந்தக் கை கேட்குமா?

வழியெங்கும் கொடியை வேகமாக ஆட்டினார்கள். முதல் நாளே இவ்வளவு மரியாதையா என்று ஒரு கையால் கும்பிட்டேன்.

"அண்ணே! எதுத்தாப்ல வாராய்ங்கண்ணே!" என்று கத்தினார் காசிமாயன்.

"பிள்ளையார இடமாச் சுத்தச் சொல்றியாப்பா?"

"பிள்ளையாரு மன்னிச்சுருவாருண்ணே! வார ஜீப்பு மன்னிக்காது!"

தளம் முழுவதும் பதினொரு நிமிடம் ஸ்தம்பித்தது. என்னைத் திருப்பி விட்டார்கள். பிள்ளையாரிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இடமாகச் சுற்றத் தொடங்கினேன். கடைசி வளைவில் ஒரு தகரப் பீப்பாய் நின்றது. ஒவ்வொரு சுற்றிலும் வண்டி அதை நோக்கியே போனது.

"அந்தப் பீப்பாயவே எதுக்குண்ணே அம்புட்டு ஆசையாப் பாக்குறீக? அது என்ன மாமன் மகளா?" என்றார் காசிமாயன். "பயப்படுற எடத்தப் பாக்காதீக, போகணும்ங்கிற எடத்தப் பாருங்க. கண்ணு போற பக்கந்தாண்ணே வண்டி போகும்."

சபையோரே! ஓராண்டு காலம் நான் ஊரெல்லாம் யாரைக் குறை சொன்னேன்? எருமையை! யாரை வைதேன்? எருமையை! அதுவோ தன் பாட்டுக்கு நின்றது. காலியாகக் கிடந்த வழியைப் பாராதவன் யார்? பக்கத்தில் இருந்தவளை மறந்தவன் யார்? அந்த எருமையிடம் இந்த மேடையில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கிறேன்.

அடுத்த சுற்றில் பீப்பாயை விட்டு, அதற்கு அப்பால் இருந்த தாரைப் பார்த்தேன். வண்டி அங்கே போனது. எட்டாம் சுற்றில் கால் நடுங்கவில்லை.

மாலையில் மரத்தடிக்குப் போனேன். "தப்பு எருமை மேல இல்ல. நாந்தான் வழியப் பாக்கல" என்றேன். இதைச் சொல்ல எனக்கு ஓர் ஆண்டு ஆகியிருக்கிறது.

அவள் முதலில் எங்கள் வீட்டு மொழியில் ஒன்று சொன்னாள். அதைத் தமிழாக்க நான் முன்வரமாட்டேன். பிறகு தமிழில் சொன்னாள்: "எட்டு தடவ பிள்ளையார இடமாச் சுத்தி வச்சிருக்கீங்க. ஒரு தடவையாச்சும் வலமாச் சுத்திட்டு வீட்டுக்குப் போவோம்."

காரிலேயே உட்கார்ந்திருந்த காசிமாயன் எழுந்து இடம் விட்டார். பத்மாசினி அந்த இருக்கையில் இறங்கி அமர்ந்தாள்.

ஒரு மைல், பதினான்கு நிமிடம். தலைவர் தம் கடிகாரத்தை இருமுறை காதில் வைத்துப் பார்த்ததாகக் கேள்வி. வழியில் ஒரு நாய் எங்களை முந்திச் சென்றது. பீப்பாய் வளைவில் அவளுடைய இடது கை, முறிந்து சேர்ந்த அந்தக் கை, கதவை இறுகப் பிடித்தது. வளைவு முடிந்தபோது மடியில் இருந்தது. நான் சுற்றி வந்தது பிள்ளையாரையா, அல்லது வேறு யாரையாவதா என்பதில் சங்கத்தில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

நண்பர்களே! வேகமாக ஓட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வென்று வாருங்கள், வாழ்த்துகிறேன். ஆனால் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால், ஏன் காலியானது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை எருமையிடம் கேட்காதீர்கள்!

மூன்றாம் வரிசையில் பச்சைச் சுங்குடி கட்டி அமர்ந்திருக்கும் பத்மாசினி இன்று பஸ்ஸில் வரவில்லை. அவளை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியில் எருமைகள் நிற்கும். நான் சாலையைப் பார்ப்பேன். மெதுவானவன் பேச்சை மெதுவாகவே கேட்டு முடித்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, கோப்பையும் கையுமாக விடைபெறுகிறேன். வணக்கம்.