ஓடையில் நீந்திய ஜீப்

தேவாரத்திலிருந்து தேனி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“ஜீப்பு நீந்துனத நீ பாக்கலையே மதினி!”

நான் செல்போனை மூடி வைத்தேன்.

“யாரு ஜீப்பு?”

“மலையடிப் புறம்போக்குல குவாரி போட எடம் அளக்க வந்தாகள்ல, அவுக ஜீப்பு. இங்கன ஓடையே இல்ல, வெறும் மணலுன்னு சொல்லி, அந்த மணல்லயே நிறுத்திட்டு மேல ஏறுனாக. மலை உச்சியில நேஷனல் பார்க் காட்டுக்குள்ள நல்ல மழை. நமக்கு ஒரு பொட்டு இல்ல. திடீர்னு ஓடை வந்து ஜீப்பத் தூக்கிட்டுப் போயிருச்சு.”

“ஆத்தாடி! ஆளுகளுக்கு?”

“ஒண்ணுமில்ல. பாறை மேல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாக.”

“நம்ம கெணறெல்லாம் ஊறுறதே அந்த ஓடையாலதான். இன்னிக்குக் கலெக்டர் ஆபீஸ் குவாரி விசாரணையில என்ன சொல்லப் போற?”

“நான் எதுக்குச் சொல்லணும்? ஜீப்பு எங்கன்னு அவுகளக் கேளுங்கம்பேன்.”