இறங்கிய தோள்

— அந்தப் பொம்மைய மட்டும் வண்டியில ஏத்த வேணாம்னு சொல்லு. மிஷினெல்லாம் போகட்டும்.

— ஏங்க, ஃபேக்டரியே ஏலத்துல போயிடுச்சு. சட்டை மாட்டிப் பாக்குற பொம்மைய வச்சு என்ன பண்ணப் போறீங்க? வீட்ல நான் ஒருத்தி பத்தாதா?

— கிண்டலா?

— அப்படியாவது சிரிப்பீங்களான்னு பாத்தேன். சரி விடுங்க. ஆம்பள சட்டையில சம்பாதிச்சத எல்லாம் லேடீஸ் சட்டையில விட்டீங்க. கட்டிங் மாஸ்டர் தலையால அடிச்சுக்கிட்டாரே, 'ஒரே சைஸ்ல வெட்டாதீங்க முதலாளி, இடது தோள் வேற இழுக்குது, கடைக்காரன் எல்லாம் திருப்பி அனுப்புறான்'னு. ஏன் கேக்கல?

— மாத்த மனசு வரல.

— பொம்மைக்கு எதுக்குங்க இடது தோள் இறங்கியிருக்கு?

— செய்யும்போதே அப்படி வந்துடுச்சு.

— டெய்லர் பொண்டாட்டிகிட்டயே இந்தக் கதையா? யாரு அவ? உங்க வாயால கேக்கணும்.

— உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்?

— கல்யாணமான புதுசுல நீங்க அதத் தொடச்சுட்டு இருந்தீங்க. அப்பவே.

— பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒத்த மிஷின் போட்டு உக்காந்திருந்தேன். கல்யாணத்துக்கு உடுப்பு தைக்க வந்தா. ஒரே ஒரு தடவதான் அளவெடுத்தேன். அந்த அளவுக்குத்தான் இந்தப் பொம்மையச் செஞ்சேன். மாப்பிள்ளை வாசல்ல நின்னுட்டிருந்தான்.

— அதுக்கா இவ்வளவு பெரிய ஃபேக்டரி?

— ஊர் ஊரா நம்ம சட்டை தொங்கணும். என்னிக்காவது ஏதோ ஒரு கடையில அவ ஒண்ண எடுத்துப் போட்டுப் பாப்பா. தையலப் பிரிக்காம, பிடிக்காம, அப்படியே உடம்புல உக்காரும். யார் இது, என்னை அளந்து தச்ச மாதிரின்னு ஒரு நிமிஷம் நிப்பா. அது போதும்னு இருந்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தன பேரு பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டேன். உன் வாழ்க்கையிலயும்.

— எனக்குன்னு நீங்க ஒண்ணு தச்சதில்ல. திரும்பி வந்தத எடுத்துட்டுப் போய் நானே பிரிச்சுவிட்டுப் போட்டுக்குவேன்.

— தப்புதான். மன்னிச்சுக்கோன்னு சொல்லக்கூட வாய் கூசுது.

— அவ வந்திருந்தா.

— யாரு?

— போன வாரம் நம்ம கடையில மிச்சச் சட்டையெல்லாம் தள்ளிவிட்டோமே, அன்னிக்கு. கல்லாவுல நான்தான் இருந்தேன். உள்ள நுழையும்போதே தோள் காட்டிக் குடுத்துடுச்சு.

— நிஜமாவா? போட்டுப் பாத்தாளா? ஏய், சொல்லு!

— நீலச் சட்டை ஒண்ணு. தோள் கச்சிதமா உக்காந்துச்சு.

— பாத்தியா! நான் சொல்லல?

— மத்த எதுவும் சேரல. பட்டனே போட முடியல. வயசாகுதில்ல. 'என் கல்யாண உடுப்ப ஒருத்தர் தச்சார், காதுல பென்சிலோட. அவரு கடையிலேருந்து இப்படி ஒண்ணு வெளிய வராது'ன்னா.

— அப்ப என்னை ஞாபகம் வச்சிருக்கா?

— பென்சிலத்தான் ஞாபகம் வச்சிருக்கா.

— வெறுங்கையோட போயிட்டாளா?

— விடுவேனா? வழக்கமா எனக்குப் பிரிச்சுவிடுற அளவுக்கே அவளுக்கும் பிரிச்சுக் குடுத்தேன். அப்படியே உக்காந்துச்சு. இத்தன வருஷத்துல ஒரு தடவ என்னை அளந்திருந்தீங்கன்னா, அந்தச் சட்டை அவளுக்கும் சேந்திருக்குங்க.